நலவாரியத்தின் கழிப்பறை

நீரடைப்போர் நலவாரியத்தின் தலைமை அலுவலகம் நான்கு மாடிக் கட்டடம். நான்கு மாடியிலும் சேர்த்து, வந்துபோகிறவர்களுக்கென்று ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. இது யாருடைய கவனக்குறைவும் இல்லை. கட்டடம் எழும்பும்போதே மூன்று மாதம் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. வாரியத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தானாக நீர் பிரியாதவர் என்று வாரியமே முத்திரை குத்திச் சான்று கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்குக் கழிப்பறை கட்டினால் ஒன்று அது வீண், அல்லது சான்று பொய். தன் சான்றைப் பொய் என்று சொல்லும் எதையும் வாரியம் கட்டாது. ஆகவே வரைபடத்தில் கழிப்பறைக்கு விட்டிருந்த இடங்களில் கோப்பு அறைகள் வந்தன. அவற்றின் சுவர்களில் பாதி உயரத்துக்கு வெள்ளை ஓடு பதித்திருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஊழியர்களுக்கு மாடிக்கு ஒரு கழிப்பறை உண்டு. அவர்கள் இயலாதவர்கள் அல்லர்.

மீட்டர்காரருக்கு அறுபத்தொன்பது வயது. முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண் எழுதியவர். வேலையை விட்டுப் பதினொரு வருஷம் ஆகியும் தெருவில் பெயர் மாறவில்லை. ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. எந்த வீட்டில் குழாய் எங்கே திரும்புகிறது, எங்கே கசிகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் எந்த வீட்டிலும், உங்கள் பாத்ரூமுக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்க வாய் வந்ததில்லை. காலை எட்டு மணிக்கு அடக்கினால் மாலை நாலு மணிவரை அடக்கம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் நீர் பிரிவதே மொத்தமாக நின்றுபோனது. வயிறு பானைபோல் வீங்கி, ஆட்டோவில் படுத்த வாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூத்திரப்பைக்குக் கீழே வீங்கி வழியை அடைத்த சுரப்பியில் அறுவை செய்தார்கள். அப்புறமும் வரவில்லை. மருத்துவர் நல்ல மனிதர், புரிகிற மாதிரி சொன்னார்.

"வாசலைப் பெரிசாக்கியாச்சுங்க. உள்ளேர்ந்து தள்ளத்தான் ஆள் இல்ல. பை தொவண்டு போச்சு. இனிமே நீங்களேதான் ட்யூப் போட்டு எடுத்துக்கணும். அஞ்சு வேளை. பகல்ல ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளாதீங்க. தள்ளினா நீர் கிட்னிக்கே திரும்பிப் போகும். ஏற்கெனவே ஒரு கிட்னி வீங்கித்தான் இருக்கு."

முழங்கை நீளத்துக்கு வழவழப்பான ஒரு குழாய். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழாயில் ஜெல்லி தடவ வேண்டும். உறுப்பை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே விட வேண்டும். ஓரிடத்தில் முட்டும். அங்கே முரட்டுத்தனம் கூடாது. மூச்சை இழுத்து விட்டால் வழி விடும். முதல் தடவை மீட்டர்காரர் வியர்த்து விறுவிறுத்துப்போனார். திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மகள், நர்ஸ் வரிசை எண் போட்டுக் கொடுத்த காகிதத்தைப் படித்தாள்.

"அப்பா, இப்ப அஞ்சாவது. அவசரப்படாதீங்க. பாட்டுப் பாடற மாதிரி மூச்சை விடுங்க."

"எனக்குப் பாட்டு வராதுடி."

"இதுவும்தான் வராதுன்னீங்க. வருதா இல்லையா?"

வந்தது. எழுநூறு மில்லி. மகள் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தாள்: தேதி, நேரம், அளவு. முதல் வரியில், நின்றுபோன நாளுக்கு என்ன எழுதுவது என்று கேட்டாள். மீட்டர்காரர் வேலையில் எழுதியதையே எழுதினார். வீட்டுக்காரர் இல்லாமல் மீட்டரைப் பார்க்க முடியாத நாளில், எண்ணுக்குரிய கட்டத்தில் அவர் எழுத வேண்டிய இரண்டே சொல் உண்டு: கதவு பூட்டு. மகள் சிரித்துவிட்டாள்.

அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூளையில் ஒரு ரத்தக்குழாய். காலை பத்து மணிக்கு இருந்தாள், பதினொன்றுக்கு இல்லை. மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று வயது. அதே வீட்டில் தொடர்ந்து இருந்தார். ஏன் போகவில்லை என்று மாமனார் கேட்கவில்லை. ஏன் இருக்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்லவில்லை. அவளுடைய போன் மாப்பிள்ளையிடம் இருந்தது. அதில் அவள் அப்பாவுக்காக வைத்த மணி ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து என்று ஐந்து வேளையும் அடித்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "மாமா, நேரமாச்சு" என்பார். வீட்டில் நடந்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்தக் குழாயைக் கடையில் கேட்டால் கிடைக்காது. வாரியத்தின் சீட்டு வேண்டும். வேளைக்கு ஒன்று, மாதத்துக்கு நூற்றைம்பது. சீட்டை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு நேரில் வந்து, இன்னமும் என்னால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். மகள் இருந்தவரை அவள்தான் அழைத்துப்போய்ச் சொல்லவைத்துக் கூட்டிவருவாள். அவள் காரியங்களைச் சீக்கிரம் முடிப்பவள். பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன வருஷம் வாரியம் கட்டடத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் தபாலிலேயே புதுப்பித்துவிட்டது. ஆகவே வாரியத்தில் கழிப்பறை இல்லை என்பதே மீட்டர்காரருக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

டோக்கன் நாற்பத்தொன்று. மணி பத்தடிக்கும்போது பதினாறாவது ஆள் உள்ளே இருந்தார். மாப்பிள்ளையின் பையில் போன் அடித்தது. மீட்டர்காரர் தன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் காவலரிடம் போனார்.

"அய்யா, இங்க வர்றவங்களுக்கு வராதே" என்றார் காவலர். நக்கல் இல்லை, தகவலாகவே சொன்னார். "வராதவங்களுக்கு எதுக்குக் கழிப்பறை?"

"வராததாலதாங்க போகணும். ட்யூப் போட்டு எடுக்கணும்."

"எடுக்கறதை வீட்லேயே எடுத்துட்டு வந்திருக்கலாமே?"

"ஆறு மணிக்கு எடுத்தேன். மறுபடி பத்துக்கு எடுக்கணும்."

"அப்படின்னா பத்து மணிக்கு நீங்க வீட்ல இருந்திருக்கணும்."

காவலர் கெட்டவர் இல்லை. பெரியவர் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நிற்பதைப் பார்த்தார். ஊழியர் கழிப்பறைச் சாவி ஒரு செங்கல் அளவு மரக்கட்டையில் கட்டியிருந்தது. அதை எடுத்தார். கூடவே ஒரு பதிவேட்டையும் எடுத்தார். முந்தின வருஷம் யாரோ விளக்கை அணைக்காமல் போய்விட்டதால், ஊழியர் அல்லாதவர் உள்ளே போனால் எழுதிவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெயர், போன நேரம், வந்த நேரம், என்ன காரியம், நிறைவேறியதா.

இதுவரை அந்தப் பதிவேட்டில் எழுதியவர்கள் எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள். கை கழுவ, முகம் கழுவ, கண்ணில் தூசி என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண்மணி, கண்ணாடி பார்க்க என்று எழுதியிருந்தார். மீட்டர்காரர் முப்பத்து நான்கு வருஷம் பதிவேட்டில் பொய் எழுதாதவர். பன்னிரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினார்: நீர் கழிக்க. நிறைவேறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது பழகிய கை. பையில் கொண்டுபோன டப்பாவின் கோட்டில் பார்த்த அளவையும் எழுதியது: 430 மி.லி.

பதிவேடு தினமும் பன்னிரண்டு மணிக்கு இரண்டாம் மாடிக்குப் போகும். அங்கே பிரிவு எழுத்தர் அதை வருகைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார். பன்னிரண்டரைக்கு நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள்.

பிரிவு எழுத்தர் ஐம்பது வயது அம்மாள். மூக்கின் நுனியில் கண்ணாடி. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"நானூத்தி முப்பதா?"

"கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். வீட்ல இருக்கற ஜாடி இன்னும் துல்லியமா காட்டும்."

அம்மாள் பக்கத்து மேசையைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மரியாதையோடு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஒரு தடவைக்கு இவ்வளவு நானே போனதில்ல. நீங்க இயலாதவர்?"

"அது ட்யூப் போட்டு எடுத்ததும்மா."

"ட்யூப் யார் குடுத்தது?"

"வாரியம்தான்."

"ட்யூப் வாரியத்தோடது. சரி. அதுல வந்த நீர்?"

"என்னோடது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாரியத்தோடதா, உங்களோடதா?"

"என்னோடதுதாம்மா. வேற யாரோடதா இருக்கும்?"

"அதைத்தான் எழுதிக்கறேன்." எழுதினார். நீர் தன்னுடையதே என மனுதாரர் ஒப்புக்கொண்டார்.

பின்னால் நின்ற மாப்பிள்ளை மேசைக்கு முன்னால் வந்தார். அம்மாளிடம் கேட்டார்: "மேடம், நீங்க கண்ணாடி போட்டுத்தானே படிக்கறீங்க?"

"ஆமா."

"படிக்க முடியுதுல்ல, அப்புறம் எதுக்குக் கண்ணாடின்னு பிடுங்கிக்கிட்டா?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அது பார்வை வாரியத்துல கேக்க வேண்டியது தம்பி. எதிர்க் கட்டடம், மூணாவது மாடி." பிறகு மீட்டர்காரரிடம், "உங்க பக்கத்துக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார்.

மீட்டர்காரருக்கு முகம் மலர்ந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு நாள் விடவில்லை, ஒரு வேளை விடவில்லை. மகள் செத்த நாளில்கூட ஐந்து வரி இருந்தது. அம்மாள் ஒரு பக்கத்தைக் கூட்டினார். இன்னொரு பக்கத்தைக் கூட்டினார்.

"ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். வருஷக்கணக்கா! ஆரோக்கியமான ஆளுக்குப் பாடப்புத்தகத்துல போட்டிருக்கற அளவு சார் இது." நோட்டை ஒரு உறையில் போட்டு ஒட்டினார். "இது இங்க இருக்கட்டும். பதினோரு நாள் கழிச்சு மெய்ப்பிப்புக் குழு உட்காருது. காலையில ஒம்பதரைக்கு வந்துடுங்க. அதுவரைக்கும் ட்யூப் வழங்கறது நிறுத்தி வைக்கப்படுது. வீட்ல இருக்கற மிச்சத்தையும் அன்னிக்குக் கொண்டு வந்துடணும்."

"நடுவுல நான் என்னம்மா பண்றது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே குழு" என்றார் அம்மாள்.

வீட்டில் இருபத்து மூன்று குழாய் இருந்தது. பதினொரு நாளுக்கு ஐம்பத்தைந்து வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, சுத்தமான துணியில் உலர்த்தினார். ஒரு குழாயை இரண்டு தடவை, பலதை மூன்று தடவை. ஏழாம் நாள் எரிச்சல் தொடங்கியது. ஒன்பதாம் நாள் குழாய் நுனியில் ரத்தம் தெரிந்தது. கூடவே லேசான காய்ச்சல்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மாமா."

"போயிட்டு வந்தோம்னா அங்க ட்யூப் மாட்டி விடுவாங்க. மாட்டிட்டு வந்தா, பாரு, வாரியம் குடுக்காமயே ஆளு சமாளிக்கறார்னு எழுதுவாங்க. குழு முடியட்டும்."

மாப்பிள்ளை அடுத்த குழாயை வெந்நீரில் போட்டார். மாமனார் வாரியத்தைப்போலவே யோசிக்கத் தொடங்கிவிட்டதை அவர் கவனித்தார்.

பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு எடுத்தபின், அன்றைக்கென்று ஒதுக்கிவைத்த புதுக்குழாய் மூன்று மீதி. கிளம்பும்போது மீட்டர்காரர் அவற்றை எண்ணிப் பையில் வைத்தார். குழு அறை வாசலில் இன்னொரு காவலர் ஒரு தட்டை நீட்டினார். மீட்டர்காரர் பையைத் திறந்தார். இரண்டுதான் இருந்தது.

"மூணு இருந்துதே..." என்று தொடங்கினார். மாப்பிள்ளை அவர் காலை ஓங்கி மிதித்தார்.

"என்ன மூணு?" என்றார் காவலர்.

"மூணு பேர்தானே குழுன்னு கேக்கறார்" என்றார் மாப்பிள்ளை.

மூன்று பேர்தான். குழுத் தலைவர் அணைக்கட்டுத் துறையிலிருந்து வந்தவர். நீரை நிறுத்திவைப்பதில் முப்பது வருஷ அனுபவம். மருத்துவ உறுப்பினர் பல் மருத்துவர். உடம்பில் இருக்கும் வழிகளில் முதல் வழி வாய் என்பதால் அவரைப் போட்டிருந்தார்கள். மூன்றாமவர் சட்ட ஆலோசகர். மாப்பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

மீட்டர்காரரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அளவுக் கோடு போட்ட இரண்டு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"இதைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருங்க" என்றார் சட்ட ஆலோசகர். "நீர் பிரியலன்னா நீங்க இயலாதவர். பிரிஞ்சா இயன்றவர். குழு கண்ணால பார்த்து முடிவு பண்ணும். இதுக்கு நீங்க சம்மதம்னு இங்க ஒரு கையெழுத்து."

"எவ்வளவு நேரம் சார்?"

"முடிவு வர்ற வரைக்கும்."

"ஆறு மணி நேரம் தாண்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் காலையில ஆறு மணிக்கு எடுத்தது. பன்னெண்டுக்கு முடிஞ்சுடுமா?"

"நீங்க ஆறு மணிக்கு எடுத்ததுக்குக் குழு சாட்சி இல்லையே. எங்களுக்கு நேரம் இப்பதான் ஆரம்பிக்குது."

மீட்டர்காரர் கையெழுத்துப் போட்டு, தண்ணீரைக் குடித்து முடித்தார். சீட்டு இல்லாமல் வீட்டுக்குப் போவதைவிட உட்கார்ந்திருப்பது மேல் என்று தோன்றியது. பத்து மணிக்கு வெளியே போன் அடித்து நின்றது.

தலைவர் பேசுவதற்குப் பிரியப்படுகிறவர். கேட்க ஒருவர் எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

"பெரியவரே, நீங்க எங்க மேல வருத்தப்படக் கூடாது. நம்ம வாரியம் ஆரம்பிச்சு பத்தொம்பது வருஷம். இதுல ஒரு ஆள்கூட குணமாகி வெளிய போகலையேன்னு மேலிடத்துல கேட்டாங்க. நான் சொன்னேன், நாங்க யாருக்கும் ஒரு குறையும் வைக்கல, அதனால அவங்க குணமாக வேண்டிய அவசியமே வரலன்னு. வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. ஒரே ஒருத்தரைக் காட்டுய்யான்னாங்க. நான் ரிட்டயராக இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. நான் யாரைக் காட்டுவேன்? அந்த நேரம் பார்த்து நானூத்தி முப்பதுன்னு ஒரு மனுஷர் எழுதியிருக்கார். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க."

"சார், அது ட்யூப்ல..."

"ட்யூப், ட்யூப்! அதைக் குடுத்துக் குடுத்துத்தான் உங்களை நாங்க கெடுத்து வைச்சிருக்கோம். அணையில நான் பார்த்திருக்கேன். தண்ணி தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும். நாம மதகைத் தொடாம இருக்கணும், அவ்வளவுதான்."

"மதகைத் தொடாமலே இருந்தா அணை உடையும் சார்."

"உடைஞ்சா அதுக்கு வேற குழு" என்றார் தலைவர்.

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். குழு அறையை ஒட்டிய தலைவர் அறைக்குள்ளேயே அவருக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. அதற்குப் பதிவேடு இல்லை. பதினொன்றுக்குள் இரண்டு தடவை போனார், பன்னிரண்டுக்குள் நாலு. பல் மருத்துவரும் சட்ட ஆலோசகரும் மாறி மாறிப் போய் வந்தார்கள். எப்போதும் இருவராவது அறையில் இருக்க வேண்டும் என்று விதி. அதை அவர்கள் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார்கள்.

மீட்டர்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாயில் நீர் போகும் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் அடைப்பு என்று சொல்லக்கூடிய காது அது. சுவருக்கு அந்தப் பக்கம் தலைவர் நிற்பது கேட்டது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கொஞ்சம். பிறகு நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடி சொட்டு, சொட்டு. மீட்டர்காரருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஏழெட்டு வருஷம் தன் வீட்டில் கேட்ட சத்தம்.

தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும் மீட்டர்காரர் மெதுவாகச் சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் ஆரம்பிச்சிருக்கு. இப்பவே போய் டாக்டரைப் பாருங்க. என்னை மாதிரி விட்டுடாதீங்க."

பல் மருத்துவர் பேனாவை மூடினார்.

"குழுவோட உடல்நிலையைப் பத்திக் கருத்துச் சொல்ல மனுதாரருக்கு உரிமை இல்ல" என்றார் சட்ட ஆலோசகர்.

தலைவர் உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் பேசவில்லை. உள்ளேயும் போகவில்லை. நெற்றியில் வியர்வை வந்தது. அந்த ஒரு மணி நேரம் அறையில் இரண்டு பேர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பிறகு எழுந்து போனார்.

பன்னிரண்டு தாண்டி ஒன்றும் தாண்டியது. அடிவயிறு கல்லாயிற்று. மீட்டர்காரர் தரையில் இருந்த ஓடுகளை எண்ணினார். குறுக்கே பதினேழு, நெடுக்கே இருபத்து நாலு. பெருக்கினார். தப்பு வந்தது. மறுபடி எண்ணினார். வலி இடுப்பைச் சுற்றி முதுகுக்கு ஏறியது. கிட்னி வீங்கியிருந்த பக்கம் யாரோ உள்ளேயிருந்து முட்டுக் கொடுப்பதுபோல் இருந்தது.

"சார், ஒரே ஒரு ட்யூப். உங்க முன்னாலயே போட்டுக்கறேன். எனக்கு வெட்கமெல்லாம் போயிடுச்சு."

"இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்றார் தலைவர். குரலில் நிஜமான பரிவு இருந்தது. "இப்ப விட்டா எல்லாம் வீணாயிடும்."

இரண்டு மணிக்கு வெளியே போன் அடித்தது. நிற்கவில்லை. மாப்பிள்ளை அதை நிறுத்தவில்லை. அடிக்க அடிக்கக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே வந்தார்.

"எட்டு மணி நேரம் ஆச்சு. அவர் மூஞ்சியைப் பாருங்க. செத்துப்போயிடுவார்."

"தம்பி, அந்தப் போனை முதல்ல நிறுத்துங்க."

"நிறுத்த மாட்டேன். இது அவர் பொண்ணு வைச்ச மணி."

"பொண்ணு எங்க? அவங்கதானே உதவியாளர்னு கோப்புல இருக்கு?" சட்ட ஆலோசகர் தாளைப் புரட்டினார். "ஆட்சேபம் அவங்க வந்து சொன்னாத்தான் செல்லும்."

மாப்பிள்ளை போனை அவர் முன்னால் நீட்டினார். போன் தானாக நின்றது.

அப்போதுதான் பல் மருத்துவர் குனிந்து பார்த்தார். "சார்... நாற்காலிக்கு அடியில."

ஒரு சொட்டு, அடுத்து இன்னொன்று. மீட்டர்காரரின் கால்சட்டையில் ஒரு கறை மெதுவாக அகன்றது. நாற்காலியின் விளிம்பிலிருந்து மெல்லிய கோடாகத் தரைக்கு இறங்கி, அவர் எண்ணிய ஓடுகளின் இடுக்கு வழியாக ஓடியது.

தலைவர் எழுந்து நின்றார். மற்ற இருவரும் எழுந்து நின்றார்கள். முதலில் யார் கைதட்டியது என்று தெரியவில்லை. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்தொம்பது வருஷம்" என்றார். "பத்தொம்பது வருஷம்!"

"இது போறது இல்ல சார்" என்றார் மீட்டர்காரர். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "இது வழியறது. தொட்டி ரொம்பினா வழியும். உள்ள அப்படியே இருக்கு. முப்பத்து நாலு வருஷம் நான் பார்த்த வேலை..."

"ட்யூப் போட்டீங்களா?" என்றார் சட்ட ஆலோசகர்.

"இல்ல."

"யாராவது உங்களைத் தொட்டாங்களா?"

"இல்ல."

"தானா வந்துதா?"

மீட்டர்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். "தானாத்தான் வந்துது."

"போதும்."

சான்றிதழ் தயாராக இருந்தது. வாரியம் தொடங்கிய வருஷமே நூறு அச்சடித்து வைத்திருந்தார்கள். ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. வழவழப்பான தாள், சுற்றிலும் தங்க நிறத்தில் கரை. பூரண குணமடைந்தமைக்காக என்று போட்டிருந்தது. பெயரை மட்டும் எழுதினார்கள். பிரிவு எழுத்தர் அம்மாள் போட்டோ எடுக்க வந்தார். ஈரம் தெரிகிறது என்று சொல்லி, சான்றிதழைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொன்னார். மீட்டர்காரர் இறக்கிப் பிடித்தார். மறுநாளே அது பெரிதாக அச்சாகி முகப்புக் கூடத்தில் மாட்டப்பட்டது. படத்தில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது சிரிப்பதுபோலத் தெரிகிறது.

மாப்பிள்ளை அவரைத் தாங்கிப் படியிறக்கினார். மீட்டர்காரர் ஒரு கையில் சான்றிதழ் வைத்திருந்தார். இன்னொரு கையில், வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றாததால், அந்த இரண்டு லிட்டர் பாட்டில்.

கீழே வாசல் காவலர் அவரைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். மேலேயிருந்து செய்தி வந்துவிட்டிருந்தது. மரக்கட்டையோடு சாவியைத் தானாகவே நீட்டினார்.

"இப்ப நீங்க தாராளமா போகலாம் அய்யா. இயன்றவங்களுக்கு அனுமதி உண்டு."

மாப்பிள்ளை சட்டைக்குள் கையை விட்டார். கைக்குட்டையில் சுற்றிய மூன்றாவது குழாயை எடுத்து மாமனாரின் உள்ளங்கையில் வைத்து மூடினார். ஒரு சின்ன ஜெல்லிப் பொட்டலமும் இருந்தது.

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மீட்டர்காரர் கையைக் கழுவினார். குழாயில் ஜெல்லி தடவினார். முட்டும் இடத்தில் முட்டியது. மூச்சை இழுத்தார். அஞ்சாவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவசரப்படவில்லை. வழி விட்டது. பாட்டிலில் நீர் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முடிவில் அது சிவப்பாக வந்தது. கோட்டைப் பார்த்துக்கொண்டார். குழாயைக் கழுவி, உதறி, மறுபடியும் கைக்குட்டையில் சுற்றினார். எறிந்தால் வேறு குழாய் இல்லை.

வெளியே வந்தபோது காவலர் பதிவேட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார். "எழுதிடுங்க அய்யா. உங்க எழுத்து அழகா இருக்கும்."

மீட்டர்காரர் பெயர் எழுதினார், நேரம் எழுதினார். நிறைவேறியதா என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. கதவு பூட்டு என்று எழுதினார்.

காவலர் எட்டிப் பார்த்தார். "கதவு தொறந்துதானே இருந்துது? நான்தானே சாவி குடுத்தேன்?"

மீட்டர்காரர் பேனாவை மூடி அவரிடமே கொடுத்தார்.

வாசல் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக மாப்பிள்ளை ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார். அது வரவில்லை.

"எவ்வளவு மாமா?"

"ஆயிரத்து நூத்தி எம்பது."

நோட்டு வாரியத்தில் ஆதாரமாக இருந்தது. மாப்பிள்ளை சான்றிதழை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முழங்காலில் வைத்து, போனின் விளிம்பை அண்டக்கொடுத்து, கோடு போட்டார். தேதி, நேரம், அளவு. மூன்று பத்து, 1180 என்று எழுதினார். கீழே அடுத்த வரியில் ஆறு மணி என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார்.